அளக்கும் கோல் யாருடையது?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கிருட்டிணன்கோவிலையும் திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் ஊடறுத்துக்கொண்டு மேற்கே செல்கின்றது. மேற்றிசையில் மலைத்தொடர், வழிநெடுகக் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் நூற்பாலைகளும். பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் கோடைத் திங்களில், இத்தகைய சாலைகளின் இருமருங்கிலும் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் எழுந்து நிற்கும். அவற்றில் கட்டடத்தின் படம் இருக்கும். சிரித்த முகத்துடன் மாணவர் நால்வர் இருப்பர். அவர்தம் தலைக்குமேல் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தும் அதன் அருகே ஒன்றோ இரண்டோ கூட்டற் குறிகளும் இருக்கும். நாட்டளவில் இத்தனையாவது இடம் என்று பெரிய எண் ஒன்றும் இருக்கும்.

சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடத்திலிருந்து வெளிவரும் தந்தை ஒருவர் அப்பலகையை அண்ணாந்து பார்க்கின்றார் என்று கொள்க. அவர்தம் மகளே அக்குடியில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதிக்கப் போகின்றவள். பலகையில் உள்ள எழுத்தும் எண்ணும் எவ்வாறு வந்தன என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் யாரோ கற்றறிந்தோர் நேர்மையாக அளந்து சொன்னவை அவை என்று அவர் நம்புகின்றார். அந்நம்பிக்கையை முதலாக வைத்தே கடன் வாங்குகின்றார்; நகையை அடகு வைக்கின்றார். ஆகவே, அந்த எழுத்தும் எண்ணும் எதனை அளந்தன, எதனை அளக்காமல் விட்டன, அளந்த கோல் யாருடையது என்னும் வினாக்கள் கல்வியாளர்தம் அவைகளில் மட்டும் பேசி முடிக்கத் தக்கவை அல்ல. அவை அத்தந்தையின் வினாக்கள்.

அளத்தல் தீதன்று

கல்லூரிகளை அளக்கவே கூடாது என்று கூறுவார் சிலர் உளர். அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பார் கூற்று. மக்களின் வரிப்பணமும் பெற்றோரின் வியர்வையும் கொண்டு நடக்கும் ஒன்று, தான் செய்த பணிக்குக் கணக்குக் காட்டியே ஆகல் வேண்டும். வகுப்புக்கு வாராத ஆசிரியரும், பூட்டிய ஆய்வகமும், பத்தாண்டுக்கு முந்திய குறிப்பையே மீண்டும் மீண்டும் படித்துக் காட்டும் வழக்கமும் அளவைக்கு அஞ்சத்தான் வேண்டும்.

அளத்தலுக்குத் தமிழர் புதியவரும் அல்லர். அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெழுத்துகளில் தொடங்கும் என்று வகுத்துக் கூறும் அளவிற்குத் தொல்காப்பியம் அளவைகளைக் கண்டு வைத்துள்ளது. நன்னூலோ கல்வியையே அளக்கின்றது. ஆசிரியன் எத்தகையனாதல் வேண்டும், எத்தகையோன் ஆசிரியன் ஆகான், மாணாக்கருள் தலை இடை கடை யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்று அதன் பொதுப்பாயிரம் நிரல்பட உரைக்கின்றது. நல்லாசிரியனுக்கு அந்நூல் கூறும் உவமைகளுள் ஒன்று நிறைகோல். பொருளை ஐயமற அறிந்து, எப்பக்கமும் சாயாமல் நடுநின்று எடை காட்டுபவன் ஆசிரியன் என்பது கருத்து. அன்று ஆசிரியனே நிறைகோல். இன்றோ ஆசிரியன் தட்டில் ஏற்றப்பட்ட சரக்கு. கோல் வேறொருவர் கையில் உள்ளது. இவ்வொரு மாற்றத்தை உணர்ந்தால் பிறவெல்லாம் எளிதில் விளங்கும்.

இரண்டு கோல்கள்

இந்திய உயர்கல்வியை இன்று அளப்பவை பெரும்பாலும் இரண்டு கோல்கள். ஒன்று, 'நாக்' எனப்படும் மதிப்பீட்டு ஒப்பேற்பு மன்றம். பல்கலைக்கழக நல்கைக் குழுவினால் 1994இல் தோற்றுவிக்கப்பெற்றுப் பெங்களூரிலிருந்து இயங்குவது. நான்கு புள்ளிக்கு இத்தனை என்று கணித்து, 3.51உம் அதற்கு மேலும் பெற்றால் இரு கூட்டற்குறியுடன் கூடிய 'ஏ' என்றும், 1.50உம் அதற்குக் கீழும் ஆயின் ஒப்பேற்பு இல்லை என்றும் தரம் பிரித்து வந்தது. மற்றொன்று, 'என்.ஐ.ஆர்.எப்.' எனப்படும் நாட்டுத் தரவரிசைக் கட்டமைப்பு. 2015இல் நடுவணரசு அறிவித்து, 2016இல் முதற்பட்டியலை வெளியிட்டது.

இவ்விரண்டாம் கோலின் அமைப்பைப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களை அளக்கையில் நூற்றுக்கு முப்பது பங்கு கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும். முப்பது பங்கு ஆய்வுக்கு. இருபது பங்கு பட்டம் பெற்றோர் அடைந்த நிலைக்கு. பத்துப் பங்கு எல்லாரையும் உட்கொள்ளும் தன்மைக்கு. எஞ்சிய பத்துப் பங்கு அந்நிறுவனத்தைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கின்றனர் என்பதற்கு என்று வகுத்துள்ளனர். மேலோட்டமாகப் பார்க்கையில் குறை ஒன்றும் தோன்றாது. உள்ளே நுழைந்து பார்த்தால்தான் கோலின் சாய்வு புலப்படும்.

எண்ணப்படாத எழுத்து

ஆய்வுக்குரிய முப்பது பங்கில் பெரும்பகுதி, ஆய்விதழ்க் கட்டுரைகளின் தொகைக்கும் அவை பிறரால் எடுத்தாளப்பட்ட தொகைக்கும் செல்கின்றது. அத்தொகையை எங்கிருந்து எடுக்கின்றனர்? எல்செவியர் என்னும் ஆலந்து நாட்டு வாணிக நிறுவனத்தின் 'இசுகோபசு' தரவுத் தொகுப்பிலிருந்தும், கிளாரிவேட் என்னும் மேலைநாட்டு நிறுவனத்தின் 'வெப் ஆஃப் சயின்சு' தொகுப்பிலிருந்தும் எடுக்கின்றனர். இவை தம் வாணிகத்திற்கெனத் தொகுத்த பட்டியல்கள். பெரிதும் ஆங்கிலக் கட்டுரைகளாலே நிறைந்தவை. தமிழில் எழுதப்பட்ட ஆய்வு அவற்றில் இடம்பெறுவது அரிதினும் அரிது. அவற்றில் இல்லாதது இக்கோலுக்கு இல்லாததே.

இதன் பொருளை இராசபாளையத்து மண்ணில் வைத்துப் பார்க்கலாம். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி இராசா நூற்பாலை தொடங்கிய ஊர் இது. பருத்தியும் நூலும் கட்டுத்துணியும் பல்லாயிரவர்க்குச் சோறு போடும் வட்டாரம் இது. தறிக்கூடத்துத் தூசு பெண்டிரின் நுரையீரலை எவ்வாறு தாக்குகின்றது, துணி வெளுக்கும் நீர் எக்கண்மாயில் கலக்கின்றது, அதனைத் தூய்மை செய்ய எளிய வழி யாது என்று இராசபாளையத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஐந்தாண்டு உழைத்து ஆராய்ந்து, தறி உரிமையாளரும் தொழிலாளரும் படித்துப் பின்பற்றத்தக்க வகையில் அழகிய தமிழில் நூலாக்கி அளிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோர், அவருக்கு இக்கோல் தரும் எடை எவ்வளவு என்று கணக்கிடட்டும். ஒன்றுமில்லை. அதே ஆசிரியர், இவ்வட்டாரத்தில் எவருக்கும் தேவைப்படாத ஒன்றைப் பற்றி, இங்கு எவரும் படிக்கவியலாத இதழொன்றில், ஆறு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினால் எடை உண்டு. அவ்வாசிரியர் எதனைச் செய்வார்? அறிவு அறியாதவர் அல்லர் அவர். ஆனால் பணி உயர்வும், கல்லூரியின் இடமும், ஆட்சியாளரின் முகமலர்ச்சியும் எதனோடு பிணைக்கப்பட்டுள்ளனவோ அதனையே செய்வார்.

இவ்வூரில் வாழ்ந்த மு. கு. செகநாதராசா பன்மொழிப் புலவர். தெலுங்கில் கிருட்டிண தேவராயர் இயற்றிய, திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் ஆண்டாளும் இடம்பெறும் 'ஆமுக்த மால்யத'வைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். அத்தகைய பெருநூல் ஒன்றை இன்றைய கல்லூரி ஆசிரியர் ஒருவர் இயற்றுவாராயின், தரவரிசைக் கணக்கில் அஃது எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? எழுத ஒரு கட்டமே இல்லை. ஒரு வாழ்நாளின் புலமையை எடை காட்ட மாட்டாத கோல், புலமையை அளப்பதாகச் சொல்லிக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

தமிழ் ஆய்விதழ்களுக்கு ஒரு சிறு வாயிலாகப் பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 'கேர்' பட்டியல் சில ஆண்டுகள் இருந்தது. 2025 பிப்பிரவரியில் அப்பட்டியலும் கைவிடப்பட்டது. ஒப்பேற்பு மன்றத்திலோ, வட்டார மொழியில் உள்ள சான்றாவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரல் வேண்டும் என்பது நடைமுறை. தமிழ்நாட்டில், தமிழ் மாணவர்க்கு, தமிழாசிரியர் நடத்திய தமிழ்க் கருத்தரங்கின் அழைப்பிதழையும் ஆங்கிலமாக்கி ஒப்பமிட்டுத் தந்தால்தான் அது நடந்ததாகும்! கல்லூரிகளில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பேற்ற ஆசிரியர், மாணவருக்குப் பாடம் சொல்ல வேண்டிய பொழுதைத் தாள் பெயர்ப்பதில் கழிக்கும் நிலை இதனால் வந்தது.

சொந்த மண்ணின் பிள்ளை சுமையா?

எல்லாரையும் உட்கொள்ளும் தன்மைக்குப் பத்துப் பங்கு என்று கண்டோம் அன்றோ? கேட்கையில் இனிப்பாக உள்ளது. அதன் உட்பிரிவைக் காண்க. அப்பகுதிக்கு நூறு மதிப்பெண் வைத்து, முப்பதைப் பெண்களுக்கு அளித்தனர், அது முறையே. இருபதை உடற்குறையுடையார்க்கான ஏந்துகளுக்கு அளித்தனர், அதுவும் முறையே. வறிய மாணவர்க்குக் கல்விக் கட்டணத்தை முற்றும் ஈடு செய்தலுக்கு இருபது அளித்தனர். ஆனால் பிற மாநில மாணவர்க்கும் அயல்நாட்டு மாணவர்க்கும் முப்பது அளித்தனர். அதிலும் இருபத்தைந்து பிற மாநிலத்தவர்க்கு.

இதன் பொருள் என்ன? வற்றிராயிருப்பிலிருந்தும் சேத்தூரிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் காலைப் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளாலேயே நிறைந்த கல்லூரி, அப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட ஒரே கரணியத்தால் மதிப்பெண் இழக்கின்றது. 1973இல் தொடங்கப்பெற்ற இராசபாளையம் இராசுக்கள் கல்லூரி போன்ற வட்டாரக் கல்லூரிகள் எதன் பொருட்டுத் தோன்றின? மதுரைக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்ப இயலாத குடும்பங்களுக்கு வீட்டருகே உயர்கல்வி கிடைக்கட்டும் என்பதற்கே அன்றோ? எந்நோக்கத்திற்காகப் பிறந்தனவோ அந்நோக்கத்தை நிறைவேற்றுவதே குறையாகக் கணக்கிடப்படுகின்றது. மொத்தக் கணக்கில் இது நூற்றுக்கு மூன்றே பங்கு என்பார் உளர். உண்மை. ஆனால் தரவரிசையில் ஓரிடம் மேலேறுவதும் கீழிறங்குவதும் அரைப்புள்ளியிலும் காற்புள்ளியிலும் நடப்பவை. மேலும், மூன்றோ முப்பதோ, வறியவனைப் படிக்க வைப்பதைவிட வெளியூரானைக் கொண்டுவருவது மதிப்புடையது என்று கருதிய மனம் எத்தகையது என்பதே இங்கு எண்ணத் தக்கது.

பிறர் என்ன நினைக்கின்றனர் என்பதற்குரிய பத்துப் பங்கும் இத்தகையதே. தலைநகரங்களில் இருந்துகொண்டு கருத்துரைப்பார்க்கு இராசபாளையத்துக் கல்லூரியின் பெயர் எவ்வாறு தெரியும்? பெயர் பெற்றவை மேலும் பெயர் பெறும். பெயரற்றவை அங்கேயே நிற்கும்.

கோலுக்கேற்ப வளையும் சரக்கு

ஓர் அளவையே இலக்காகிவிட்டால் அது அளவையாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். பட்டறிவு இதனைத் தமிழ்நாட்டிலேயே காட்டிவிட்டது.

மாணவர் இத்தனை பேருக்கு ஆசிரியர் ஒருவர் என்னும் விகிதம் நல்ல அளவைதான். ஆயின் நடந்தது என்ன? 2024 சூலையில் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 பொறியியற் கல்லூரிகளில் 353 ஆசிரியர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டுள்ளனர் என்று வெளிப்படுத்தியது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் மறுக்கவில்லை. தாளில் ஆசிரியர் உண்டு, வகுப்பில் இல்லை. கோலோ தாளை மட்டுமே எடை போட்டது.

கட்டுரைத் தொகை நல்ல அளவைதான் என்றனர். தமிழ்நாட்டுத் தனியார் பல்மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர் தேர்வின் பகுதியாகவே ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கப்படுவதையும், அக்கட்டுரைகள் அக்கல்லூரியாரின் முந்தைய கட்டுரைகளையே எடுத்தாள்வதையும் 'சயின்சு' என்னும் அமெரிக்க அறிவியல் இதழ் 2023இல் விரிவாக எழுதிற்று.

நேரில் வந்து பார்ப்பதே சிறந்தது என்றனர். 2025 பிப்பிரவரியில், ஆந்திரக் குண்டூர் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு இரு கூட்டற்குறித் தரம் தருவதற்குக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் உள்ளிட்டோரை நடுவண் புலனாய்வுத் துறை தளைப்படுத்தியது. எழுத்துத் தரங்களை ஒழித்து, ஒப்பேற்பு உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலை முறைக்கு மாறப் போவதாக ஒப்பேற்பு மன்றம் 2024லேயே அறிவித்தமையும் எண்ணத்தக்கது. கோலைப் பிடித்திருந்தோரே கோலை ஐயுறும் நிலை வந்துவிட்டது. சாலையோரப் பலகைகளுக்கு மட்டும் அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

தோற்றவர் புலம்பல் அன்று

தரவரிசையில் இடம் பெறாதார் பொறாமையால் கூறும் குறை இது என்று எவரேனும் கருதுவராயின், அது பிழை. கல்லூரிகளுக்கான பட்டியலில் முதல் நூறு இடங்களுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றை 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளே பெற்றுள்ளன. நடுவணரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் கல்லூரி அகவையினருள் உயர்கல்வி பெறுவோர் இந்திய அளவில் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டிலோ 47. பிறர் கோலிலும் தமிழ்நாடு முன்னிற்கின்றது. அவ்வாறு முன்னிற்கும் தகுதி பெற்றமையாலேயே, கோல் சரியா என்று கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு.

அந்நாற்பத்தேழில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெறுவோர். அவர்களை உருவாக்கும் கல்லூரியின் உண்மைப் பணி யாது? எண்பது அடி உயரத்தில் நின்றவனைத் தொண்ணூறுக்கு ஏற்றுவதா, பள்ளத்தில் நின்றவனை அறுபதுக்கு ஏற்றுவதா, எது பெரிய பணி? இன்றைய கோல் அவன் நிற்கும் உயரத்தை மட்டுமே காண்கின்றது. ஏறிவந்த தொலைவைக் காணவில்லை. தேர்ந்தெடுத்த மாணவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, ஒன்றும் செய்யாமலே வெல்கின்றது. யாரையும் தள்ளாமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, எல்லாம் செய்தும் தோற்கின்றது.

கிருட்டிணன்கோவிலில், விடுதலைப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் 1984இல் தொடங்கிய பொறியியற் கல்லூரி 2006இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. செவிப்புலனும் பேச்சும் இழந்த மாணவர்க்கெனத் தனியே பொறியியல் வகுப்புகளை அது நடத்தி வந்துள்ளது. செவி கேளாத இளைஞன் ஒருவன், கைச்சைகை வழியே கணிப்பொறியின் நுட்பம் கற்று, தன் உழைப்பில் உண்ணும் நிலைக்கு உயர்வது எத்துணைப் பெரிய கல்விப்பணி! சாய்தளமும் கழிப்பறையும் உண்டா என்று கேட்கும் கோல், அவ்விளைஞன் கற்றானா என்று கேட்கவில்லை. அப்பல்கலைக்கழகம் வாங்கிய எழுத்தைவிட, அளக்கப்படாத இப்பணியே அதற்குப் பெருமை.

தமிழர் தம் குறையும் உண்டு

கோலைக் குறை கூறுவோர் தட்டில் வைக்கத் தம்மிடம் என்ன உள்ளது என்றும் நோக்குதல் வேண்டும். 1970களில் கல்லூரிப் படிப்பிற்கெனத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் வாயிலாக நூற்றுக்கணக்கான நூல்கள் தமிழில் வந்தன. அவற்றைக் காலந்தோறும் புதுக்கிப் பேணியிருந்தால் இன்று அறிவியல் தமிழ் எத்துணையோ வளர்ந்திருக்கும். பேணவில்லை. அவ்விடத்தைத் தேர்வுக் குறிப்பேடுகள் பிடித்துக்கொண்டன. தமிழ்வழியில் பயின்ற மாணவன் மனப்பாடக் குறிப்புடன் வெளியேறினான்; அதனால் தமிழ்வழியே தாழ்ந்தது என்னும் பழி வந்தது.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது தமிழுலகம் மகிழ்ந்தது. மகிழ்ந்ததோடு நின்றது. நல்ல பாடநூல் வந்ததா, பயின்றவர்க்கு வேலை கிடைத்ததா என்று எவரும் தொடர்ந்து கேட்கவில்லை. 2023 மே திங்களில், சேர்வோர் குறைவென்று பதினொரு உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தபோதுதான் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது; குரலும் அடங்கியது. பாடநூலும் வேலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. மேடையில் தமிழ்வழியை முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கில வழியில் சேர்ப்பார் இருக்கும் வரையில், எக்கோலும் தமிழ்க்கல்விக்கு எடை காட்டாது. தமிழ் என்பது தரமின்மைக்குப் போர்வை ஆகிவிடல் கூடாது. தமிழில் கற்பிப்பது இருமடங்கு உழைப்பைக் கேட்பது. அவ்வுழைப்பைத் தராதார் தமிழுக்குத் தீங்கிழைப்பாரே ஆவர்.

ஆங்கிலத்தில் எழுதவே வேண்டா என்பதும் கருத்தன்று. உலகறிய வேண்டிய ஆய்வை உலகம் படிக்கும் மொழியில் எழுதுக. ஊரறிய வேண்டிய ஆய்வை ஊர் படிக்கும் மொழியில் எழுதுக. இரண்டையும் எடைபோடும் கோல் வேண்டும் என்பதே கோரிக்கை.

உலகம் விழித்துள்ளது

இக்கோரிக்கை தமிழர் மட்டும் எழுப்புவதன்று. ஆய்வை அது வெளியான இதழின் பெயர்கொண்டு மதிப்பிடுதல் தகாது என்று 2012இல் சான்பிரான்சிசுகோ அறிக்கை கூறிற்று. 2015இல் வெளிவந்த இலெய்டன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்து, அவற்றுள் ஒன்றாக, அந்தந்த மண்ணுக்கு இயைந்த ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்றது. ஆய்வறிவைப் பன்மொழிகளில் வெளியிடுதலைப் போற்றுக என்னும் எல்சிங்கி முன்னெடுப்பு 2019இல் எழுந்தது. ஆலந்தின் புகழ்பெற்ற உத்திரெக்ட் பல்கலைக்கழகம், உலகத் தரவரிசைப் பட்டியல் ஒன்றிற்குத் தரவு தருவதையே 2023இல் நிறுத்திக்கொண்டது. பின்னியர் தம் மொழியையும் நார்வேயர் தம் மொழியையும் காக்க எழுப்பும் குரலைத் தமிழர் எழுப்பினால் மட்டும் அது குறுகிய நோக்கு எனப்படுவது ஏன்?

அண்டையில் உள்ள கேரளம் தனக்கெனத் தரவரிசைக் கட்டமைப்பு ஒன்றை வகுத்து, 2024 திசம்பரில் முதற்பட்டியலை வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டால் இயலாதது ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக்கென ஒரு கோல்

தமிழ்நாடு வகுக்கும் கோல் பின்வரும் ஐந்து வினாக்களையாவது கேட்டல் வேண்டும்.

முதலாவது: கல்லூரியில் சேரும்போது மாணவன் எங்கு நின்றான், வெளியேறும்போது எங்கு நிற்கின்றான்? இடைப்பட்ட தொலைவே கல்லூரியின் பணி.

இரண்டாவது: கற்ற துறையைப் பற்றித் தன் தாய்க்கோ தம்பிக்கோ தமிழில் விளங்கச் சொல்ல அவனால் இயலுமா? இயலாதெனில் அவன் மனப்பாடம் செய்தானே அன்றிக் கற்றிலன்.

மூன்றாவது: தன்னைச் சுற்றி முப்பது கற்கள் தொலைவில் உள்ள தொழிலுக்கும் வேளாண்மைக்கும் நீருக்கும் காட்டுக்கும் அக்கல்லூரி ஐந்தாண்டில் என்ன செய்தது? திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனைக் காய்ச்சும் அடுப்பின் புகைக்கும் பாலின் தூய்மைக்கும் வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் துறை கண்ட தீர்வு யாது? நரைநிற அணிலுக்கும் புலிக்கும் காப்பகமாகிய மேற்கு மலைக்காட்டைப் பற்றி விலங்கியல் துறை எழுதிய தமிழ்நூல் யாது?

நான்காவது: ஆசிரியர் உண்மையில் உளரா, நிலைத்த பணியில் உளரா, உரிய ஊதியம் பெறுகின்றனரா? திங்கள் தோறும் வேலை போகுமோ என்று அஞ்சும் விரிவுரையாளரிடம் தரம் கேட்பது, விதை தராமல் விளைச்சல் கேட்பதாகும்.

ஐந்தாவது: தமிழில் வெளிவந்த ஆய்வும் நூலும் தகுதியான தமிழறிஞரும் துறையறிஞரும் கூடிய குழுவினால் படித்துப் பார்த்து எடைபோடப்பட்டனவா? எண்ணிப் பார்ப்பது எளிது. படித்துப் பார்ப்பதே கடிது. ஆனால் அறிவை அளக்கப் படிப்பதன்றி வேறு வழி இல்லை. இதில் தமிழ் என்பதற்காகவே போலிநூலுக்கு எடை தரப்படுமாயின், ஆங்கிலப் போலியினும் அது கேடு.

இவ்வளவையின் முடிவுகள் ஓரெழுத்தாகவோ ஓரெண்ணாகவோ சுருக்கப்படாமல், பெற்றோர் படித்தறியும் வகையில் எளிய தமிழில் இரண்டு பக்கமாக ஒவ்வொரு கல்லூரியின் வாயிலிலும் எழுதி வைக்கப்படல் வேண்டும். சட்டமோ ஆணையோ வரும் வரையில் காத்திருக்கவும் தேவையில்லை. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் உள்ள தமிழ் மன்றங்களும் பழைய மாணவர் கழகங்களும் இவ்வைந்து வினாக்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கல்லூரி முதல்வர்களைப் பணிவுடன் சென்று கேட்கலாம். விடை தருவோரைப் போற்றலாம். தாராதோரை ஊரறியச் செய்யலாம்.

வணிகன் படியைக் குறைத்தால் வாங்க வந்தவன் படியைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். அடியில் மெழுகு ஒட்டியிருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்ப்பான். அரிசி வாங்குவதில் உள்ள அவ்விழிப்பு, பிள்ளையின் வாழ்வை ஒப்படைக்கும் இடத்தில் இல்லாமற் போகலாமா? நெடுஞ்சாலைப் பலகையை அண்ணாந்து பார்த்து நிற்கும் அத்தந்தை, இனித் தலைகுனிந்து கடன்பத்திரத்தில் ஒப்பமிடுமுன், "இதை அளந்தது யார்? எதை அளந்தார்? என் பிள்ளையை அளந்தாரா?" என்று நிமிர்ந்து கேட்டல் வேண்டும். அவ்வினா எழும் நாளில்தான் கோல் தமிழர் கைக்கு வரும்.